எழுபத்தொரு சாமான்களும் ஒரு டோக்கனும்

14-10-2000, சனி

நாளைக்குக் கிளம்புவதாக இருந்தது. கிளம்பவில்லை. பம்பின் வாஷர் காய்ந்துபோயிருக்கிறது. வாஷர் காய்ந்த பம்பை நம்பி ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் போகிறவனுக்குப் புத்தி இல்லை என்று அர்த்தம். இதைச் சம்பங்கியிடம் சொன்னேன். அவன் பம்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"ரெண்டு வருசமாச்சுடா பெருமாளு. போன தடவ டியூபு. அதுக்கு முன்னாடி மழை. அதுக்கு முன்னாடி இன்னா?"

அதற்கு முன்னால் பஞ்சாங்கம். நான் ஞாபகப்படுத்தவில்லை.

தொண்ணூற்றெட்டில் பெங்களூரில் ஓர் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்கா போகும்போது விட்டுப்போன இரண்டு மவுண்டன் பைக்குகளை இவன்தான் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தான். தடித்தடியாய் டயர். பதினெட்டு கியர். என்னுடையதில் பதினெட்டில் நான்குதான் விழும். சம்பங்கி வைண்டிங் இன்ஜின் ஃபிட்டர். தங்கச் சுரங்கத்து ஷாப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜையே ஓடவைக்கிறவன். சைக்கிள் கியர் மட்டும் அவன் பேச்சைக் கேட்பதில்லை.

பட்டியலில் இன்றைய தேதிக்கு ஐம்பத்தெட்டு சாமான். ரத்தினம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ண கட்டிக் குடுக்கும்போதுகூட இவ்ளோ எழுதலியே" என்றாள். கல்யாணத்தில் ஒன்று மறந்தால் கடைக்குப் போகலாம். மலையில் கடை ஏது?

15-10-2000, ஞாயிறு

வாஷரைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்ததும் பம்பு அருமையாக வேலை செய்தது. சம்பங்கி வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தான். இரண்டு பேருமே பம்பைப் பற்றிப் பேசவில்லை.

22-10-2000, ஞாயிறு

சயனைட் மேட்டில் பிராக்டிஸ். தங்கம் எடுத்தது போக மிச்ச மண்ணை நூறு வருஷமாகக் கொட்டி வைத்த மேடு. வெளியூர்க்காரர்கள் மலை என்றே நினைத்துக்கொள்வார்கள். நமக்கு இருப்பது அதுதானே. ஆறு தடவை ஏறினோம். அதாவது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். இறங்கியது மட்டும் ஓட்டிக்கொண்டு.

கீழே வந்தால் அடுத்த லைன் குவார்ட்டர்ஸ் ஐடா நிற்கிறாள். ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி முடிந்து தன் லேடீஸ் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள்.

"பதினாறு வருசம் அண்டர்கிரவுண்ட்ல தூசி தின்னுதான் நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு உங்கள மேல வெளக்கு குடுக்கற லாம்ப் ரூமுக்கு மாத்தினாங்க. இப்ப ஞாயித்துக்கெழமையும் தூசிக்கே போறீங்களாண்ணே?"

மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தேன் என்றேன். அது கழுத்தில் இருப்பதைக் காட்டினாள்.

இன்று காலை கிளம்புமுன் ஒரு நல்ல காரியம் செய்தேன். வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மூன்று ஆணி அடித்தேன், ஒன்று உபரி. ஸ்கிராப்புக்குப் போன பழைய பித்தளை டோக்கன்களைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன், நம்பர் பாதி தேய்ந்தவை. இனிமேல் சைக்கிளில் கிளம்புகிற எவனும் சுரங்கத்து வழக்கப்படிதான் கிளம்ப வேண்டும். டோக்கனைக் கொடு, விளக்கை வாங்கு. திரும்பி வந்து விளக்கைக் கொடு, டோக்கனை வாங்கு. ஆணியில் டோக்கன் தொங்குகிறது என்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். கடைசி ஆள் வெளியே வரும்வரை லாம்ப் ரூம்காரன் டியூட்டியை விட்டு நகரக் கூடாது. இது நான் பதினொரு வருஷமாகக் காப்பாற்றிவரும் ரூல். வீட்டு லாம்ப் ரூமுக்கு ரத்தினம்மாவைப் போட்டிருக்கிறேன். விளக்குக்குப் பதில் டார்ச்.

"சம்பளம்?" என்றாள். பிறகு சிரித்தாள். ஆனாலும் செய்தாள். சம்பங்கி டார்ச்சைக் கொடுத்துவிட்டு டோக்கனை எடுக்காமலே போய்விட்டான். ரத்தினம்மா தெரு முனைவரை கத்திக்கொண்டு ஓடினாள்: "டோக்கன் தொங்குது சம்பங்கி! உள்ளயே செத்துக் கெடக்கறியா நீ?"

29-10-2000

மறுபடியும் மறந்துவிட்டுப் போனான். மறுபடியும் ஓடினாள்.

5-11-2000, ஞாயிறு

ரசம் சோறு பிசைந்துகொண்டே சொன்னான், உப்பு கொஞ்சம் வேண்டும் என்கிற மாதிரி.

"ராய்ச்சூர் பக்கம் ஹட்டியில கூப்ட்டுட்டாங்க. அங்க மைன்ஸ் நல்லா ஓடுதாம். ஜனவரி எட்டாந்தேதி சேரணும்."

ரத்தினம்மா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு நின்றாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஹட்டிக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?" இருபத்தைந்து வருஷப் பழக்கத்துக்கு வாயில் வந்தது இதுதான்.

தப்பில்லை அவன் போவது. இங்கே இன்றைக்கு மூடுகிறார்கள், நாளைக்கு மூடுகிறார்கள் என்று எத்தனை வருஷம் கேட்பது. அவனுக்கு இன்னும் பதிமூன்று வருஷ சர்வீஸ் இருக்கிறது. கல்யாணம் காட்சி செய்துகொள்ளாத ஒண்டிக்கட்டை. பெட்டியைத் தூக்கினால் போய்விடலாம்.

"அதுக்குள்ள ஜவ்வாது போய்ட்டு வந்துடணும்டா. சொல்ட்டேன்" என்றான்.

அந்த ஜவ்வாது வந்த கதையை எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுபத்தொன்பதில் ஒரு நாள் கேஜ் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே நானும் அவனும் மட்டும். கீழே நாலாயிரம் அடி, மேலே நாலாயிரம் அடி. ஒன்றரை மணி நேரம். என் விளக்கு அணைந்துவிட்டது, அவன் விளக்கு ஒன்றுதான். நான் சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன், "இதுலருந்து வெளிய போனா ரெண்டு பேரும் எங்கியாவது மேல போலாம்டா. நல்லா மேல" என்றான். எனக்குத் தெரிந்த ஒரே மேல் ஜவ்வாதுதான். அப்பாவுக்குத் திருப்பத்தூர் பக்கம். அடிவாரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், ஏறினதில்லை. சரி என்றேன். அப்போது யார் எதைக் கேட்டாலும் சரி என்றிருப்பேன்.

6-11-2000

பட்டியலில் மூன்று சேர்த்தேன். ஊசி நூல், சோப்புப் பெட்டி, இன்னொரு ஊசி.

26-11-2000, ஞாயிறு

எடை பார்க்கும் நாள். சாமான்கள் அறுபத்தாறு ஆகியிருந்தன. கான்வாஸ் பைகள் நான்கு நானே தைத்தேன். எல்லாவற்றையும் பின் கேரியரில் கட்டிவிட்டு வண்டியை ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்து மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். பாதி மேட்டில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நான் மல்லாந்து கிடந்தேன், கரப்பான் பூச்சி மாதிரி, மேலே சைக்கிள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாசஞ்சர் வந்து நிற்க வேண்டுமா? ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். ஒரு போர்ட்டர் வந்து பைகளைத் தட்டிப் பார்த்து, "பார்சலா சார்? எந்த ஊருக்கு புக் பண்ணிருக்கீங்க?" என்றான்.

முழங்கைக்கு மருந்து போட்ட ஐடா, பையில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். வரிசையாகச் சொன்னேன். செயின் துண்டு, ஸ்பானர் செட், டியூப் மூன்று, கையுறை, அரிவாள், ஐந்து லிட்டர் கேன்... முப்பதாவது சாமானிலேயே கட்டுப் போட்டு முடித்துவிட்டாள். மீதியைக் கேட்காமல் போய்விட்டாள்.

2-12-2000, சனி

இன்று சாயந்திரம் சண்டை.

நாளை போவதாக இருந்தது. ஸ்டவ் பின் காணவில்லை. அடைத்துக்கொண்டால் பின் இல்லாத ஸ்டவ்வை வைத்து என்ன செய்வது? பத்து நாள் தள்ளிப் போவோம் என்றேன். சம்பங்கி டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"நீ மூட்ட கட்றது போறதுக்கு இல்லடா. போவாம இருக்கறதுக்கு."

"ஸ்டவ் பின் இல்லாம—"

"உங்கிட்ட ஊசி ரெண்டு கீது. அதுல குத்தினா போவாதா அடப்பு?"

போகும். அது எனக்கும் தெரியும். அதுதான் கோபம் வந்தது. "அவ்ளோ அவசரம்னா நீ தனியா போ. அதான் எல்லாத்துக்கும் தனியாத்தான போற" என்றேன்.

டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

3-12-2000, ஞாயிறு

சாப்பிட வரவில்லை. ரத்தினம்மா மூன்று தட்டு வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு ஒன்றை எடுத்துக் கழுவி வைத்தாள். அழுக்கே ஆகாத தட்டை எதற்குக் கழுவுகிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

என்கிட்டயே சொல்லிக்கிறதுக்கு இன்னா வெக்கம்? அவன் சொன்னது நெசம்தான். போய்ட்டு வந்துட்டா அப்புறம் இன்னா கீது? ஜவ்வாது போற வரைக்கும்தான அவன் இங்க இருப்பான். போய்ட்டு வந்தா அதுவும் முடிஞ்சிபோய்டும். அதான் வாஷரு, டியூபு, பின்னு. ரெண்டு வருசமா எனக்கே தெரியாம இந்த வேலை பார்த்துகினு கீறேன். ஹட்டி சேதி இப்ப வந்தது, ஆனா அவன் போய்டுவான்னு எனக்கு எப்பவோ தெரியும். சுரங்கத்துல மிச்சம் இன்னா இருக்கு, யார் இருப்பாங்க?

ஐம்பது வயசு ஆகப்போகிறவன் எழுதுகிற எழுத்தா இது. கிழித்துவிடலாமா? வேண்டாம்.

4-12-2000, திங்கள்

டியூட்டி முடிந்ததும் நேராக மாரிகுப்பத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளைத் தலைகீழாக வைத்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தனியாகப் போக நிஜமாகவே தயாராகிறானா?

"இருவத்தி மூணாந்தேதி" என்றேன். "சனிக்கெழம. மழ வந்தாலும் சரி."

அவன் நிமிரவில்லை. "ஸ்டவ் பின்?"

"பின் இல்லாம போறோம்."

இப்போதுதான் நிமிர்ந்தான். "அப்ப டீக்கு இன்னாடா பண்றது?"

இவனோடு இருபத்தைந்து வருஷம் எப்படித்தான் தள்ளினேனோ.

10-12-2000

ஐடாவும் வருகிறாள். யாரும் கூப்பிடவில்லை. "அந்த நெஞ்ச வெச்சிகினு நீங்க மல ஏறுவீங்க, நான் இங்க நிம்மதியா கேக்கு பண்ணுவேனா? வரேன். ஞாயித்துக்கெழம ராத்திரி சர்ச்சுக்குத் திரும்பிடணும், அவ்ளோதான்" என்றாள். எந்தச் சைக்கிளில் என்று கேட்டேன். இருக்கிற சைக்கிளில்தான் என்றாள். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள்! சம்பங்கியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

22-12-2000, வெள்ளி

பட்டியல் முடிந்தது. எழுபத்தொன்று. இனி ஒன்று கூட்டமாட்டேன், ஒன்று குறைக்கமாட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, இந்த மாதிரி மூட்டை கட்ட எனக்கு இணை கிடையாது. பதினாறு வருஷம் கீழே இறங்கினவன் அனுபவம் வீண் போகுமா? உப்புத் தண்ணீர் மூன்று பாட்டில். உப்பு மாத்திரை தனியாக. வியர்வைத் துண்டு ஆளுக்கு இரண்டு. எனக்கும் சம்பங்கிக்கும் மெல்லிய பனியன் நான்கு. வேர்க்குருப் பவுடர். பனை விசிறி ஒன்று. களைத்துப்போனால் குளுக்கோஸ். சுரங்கத்தில் ஒரு லெவல் இறங்கினாலும் பத்து லெவல் இறங்கினாலும் மனுஷனைக் கொல்வது சூடுதான். சூட்டுக்கு எதிராக ஒரு குறை வைக்கவில்லை.

ஐடா தன் பையைக் காட்டினாள். சின்னத் துணிப்பை. பிரெட், மருந்து டப்பா, ஏதோ கம்பளி நூலில் பின்னின ஒன்று. மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

23-12-2000, சனி, மலைப்பாதையில், மணி பதினொன்றரை

பென்சிலில் எழுதுகிறேன். பேனா எழுபத்தொன்றில் உண்டு. எந்தப் பையில் என்பதுதான் தெரியவில்லை.

காலை நான்கு மணிக்கு ரத்தினம்மா மூன்று டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு டார்ச்சுகளைக் கொடுத்தாள். "டோக்கன எடுக்க மூணு பேரும் வரணும். ஒருத்தன் குறைஞ்சாலும் கதவு தெறக்க மாட்டேன்" என்றாள். ஜோலார்பேட்டை வரை ரயிலில் சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு வந்தோம். திருப்பத்தூர் தாண்டி மலை ஆரம்பிக்கிற இடம் வரை நன்றாகத்தான் ஓட்டினேன்.

இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது. சயனைட் மேடு மலை இல்லை.

நெஞ்சு சீட்டி அடிக்கிறது. சம்பங்கி முன்னால் போய்ப் போய்த் திரும்பி வருகிறான். ஐடாவோ கியரும் கிடையாது ஒன்றும் கிடையாது, இறங்கித் தள்ளிக்கொண்டு, கூடையில் பையை வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி போகிறாள். எங்களுக்கு முன்னால் போகிறாள்.

நான்காவது வளைவில் விறகு சுமந்து வந்த ஓர் அம்மா என் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். "பாத்திரக்காரரா? எங்க ஊருக்குப் பாத்திரக்காரர் வந்து ஆறு மாசமாச்சு. அந்தக் கேன் என்ன விலை?"

விலை இல்லை, சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். ஐந்து லிட்டர் கேன். கொடுத்ததும் வண்டி லேசானது. பிறகு கை நிற்கவில்லை. அரிவாளை அவள் தங்கைக்கு. இரும்புச் சட்டியை ஒரு குடிசைக்கு. செயின் துண்டை மாடு கட்டுகிறேன் என்ற ஒருவருக்கு. ஸ்டவ்வை, பின் இல்லாத ஸ்டவ்வை, யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

ஐடா தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள். உப்புத் தண்ணீர் அருமை. ஆனால் அவ்வளவாக வியர்க்கவில்லையே?

24-12-2000, ஞாயிறு, காலை, புதூர்நாடு

உயிரோடு இருக்கிறேன். வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று நான்கு மணிக்கு மேலே வந்து சேர்ந்தோம். கீழே மேகம் மாதிரி ஏதோ கிடந்தது. சம்பங்கி, "இது போதுமாடா மேல?" என்றான். போதும் என்றேன்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் அவர் வீட்டிலிருந்தே வந்தது. ஐந்தரைக்குச் சூரியன் இறங்கியது. ஐந்தே முக்காலுக்குச் சம்பங்கி கேட்டான்:

"பெருமாளு, கம்பளி எந்தப் பையில கீது?"

நான் பட்டியலை எடுத்தேன். முதலிலிருந்து படித்தேன். பிறகு கடைசியிலிருந்து படித்தேன். எழுபத்தொரு சாமானில் கம்பளி இல்லை. போர்வை இல்லை. ஸ்வெட்டர் இல்லை. முழுக்கைச் சட்டைகூட இல்லை. விசிறி இருந்தது.

"மலைக்கு வரவன் கம்பளி எடுக்க மாட்டானாடா?"

"கீழ எறங்கறப்ப எவன்டா கம்பளி எடுத்தான்?" என்றேன். அதுதான் உண்மை. வாழ்நாளில் நான் மூட்டை கட்டினதெல்லாம் சூட்டுக்குத்தான். ஷிப்டுக்குக் கிளம்புவதென்றால் துண்டும் உப்புத் தண்ணீரும். கை தானாக அதையே எடுத்து வைத்திருக்கிறது. டிசம்பர் மாசம் வீட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன் என்பதை நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவன் முறைத்தான். முறைத்துக்கொண்டே, "நானும்தாண்டா பட்டியலப் பார்த்தேன். எனக்கும் தோணலியே" என்றான். அதன் பிறகு சிரிக்க ஆரம்பித்தோம். நிறுத்த முடியவில்லை. எனக்கு இருமல் வந்து ஐடா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. பத்தாயிரம் அடி கீழே வெந்துபோகாதவன் மூவாயிரம் அடி மேலே உறைந்துபோகப் பார்த்தேன்.

ஐடா தன் சின்னப் பையிலிருந்து அந்தக் கம்பளி நூல் ஸ்வெட்டரை எடுத்தாள். ஒன்றே ஒன்று. "ஷிப்டு போட்டுக்கலாம். ஏ ஷிப்டு நான். பி ஷிப்டு அண்ணன். சி ஷிப்டு சம்பங்கி" என்றாள். நேரம் பார்த்து மாற்றினாள், டாக்டர் ரவுண்டுக்கு வருகிற மாதிரி. லேடீஸ் ஸ்வெட்டர், மார்பில் ரோஜாப்பூ. முதல் சுற்றில் அதைப் போட்டுக்கொண்ட சம்பங்கியைப் பார்க்க இரண்டு கண் போதாது. ஷிப்டு இல்லாதவர்கள் துண்டு ஆறு, பனியன் நான்கு, கான்வாஸ் பை, டியூப் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். விடிந்ததும் வாத்தியார் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்ல கம்பளி நாலு இருக்கே, கேட்டிருக்கலாமே?" என்றார்.

கேட்கத் தோன்றவில்லை. ஷிப்டில் இருக்கிறவன் கையில் இருப்பதை வைத்துத்தானே ஓட்டுவான்.

ஒன்று மட்டும் எழுதிவிட்டுக் கிளம்புகிறேன். இரண்டாவது சுற்றில் என் பி ஷிப்டு முடிந்து ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுக்கும்போது சம்பங்கி வாங்கவில்லை. "உன் நெஞ்சு கெட்டது. நீயே ஓவர்டைம் பாரு" என்றான். விடிகிறவரை அவன் ஷிப்டையும் நான்தான் பார்த்தேன்.

25-12-2000, திங்கள்

இறங்கினதை எழுத வேண்டும். நேற்று எழுத முடியவில்லை. கை முழுக்க பிரேக் பிடித்த வலி. மலை தானே எங்களை ஓட்டிக்கொண்டு போயிற்று. வெயில், வளைவு, பின்னால் ஐடா விடாமல் மணி அடிக்கும் சத்தம், முன்னால் சம்பங்கி இரண்டு காலையும் விரித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். இதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு இல்லை. (ரத்தினம்மா இந்த நோட்டைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

ஐடா சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் டோக்கனை எடுத்தாள். நான் என்னுடையதை எடுத்தேன். சம்பங்கி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் போனான். டோக்கன் தொங்குகிறது. டார்ச்சும் அவனோடு போய்விட்டது. ரத்தினம்மா வாசல் வரை போய்க் கத்தினாள். அவன் திரும்பாமல் டார்ச்சைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனான்.

5-1-2001, வெள்ளி

சம்பங்கி கூப்பிட்டனுப்பினான். "என் சாமான நீதான் கட்டணும். வேற யார் கட்டினாலும் எனக்குத் திருப்தி இல்ல" என்றான். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பட்டியல் போடவில்லை. அரை மணி நேரத்தில் கட்டி முடித்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, ஒரு ஸ்பானர் செட். இன்னும் கொஞ்சம் சாமான் இருந்திருக்கலாம் அவனுக்கு. என் வீட்டிலிருந்து கொண்டுபோன கம்பளி இரண்டையும் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். ஒரு தடவை செய்த தப்பை இன்னொரு தடவை செய்வேனா?

6-1-2001, சனி

மாரிகுப்பம் ஸ்டேஷன். ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. என்றைக்கும் இல்லாமல்.

ஸ்டேஷனுக்குப் போகும்போதே டோக்கனை எடுத்துக்கொண்டு போய் அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். ஆணிப் பக்கம் கை வைத்தேன். ரத்தினம்மா அடுப்படியிலிருந்தே, "வெளக்கு வந்துச்சா?" என்றாள். வரவில்லை என்றேன். "வெளக்கு வராம டோக்கன் குடுக்கற ரூல் எந்த ஊர்ல கீது?"

கையை எடுத்துவிட்டேன்.

13-2-2001

ஹட்டியிலிருந்து லெட்டர். அவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. ஒரு பத்தியை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"இங்க பிப்ரவரியிலேயே நெருப்பு கொட்டுது. மே மாசம் கல்லே உருகும்ங்கறாங்க. பெட்டியத் திறந்தா ரெண்டு கம்பளி. ரூம்ல கூட இருக்கறவங்க நான் காஷ்மீர்லருந்து வந்தவனான்னு கேட்டாங்க. உன்னோட பெரிய ரோதனடா. விசிறி வெச்சியா? இல்ல. மலைக்கு விசிறி, ராய்ச்சூருக்குக் கம்பளி."

கீழே ஒரு வரி, வேறு மையில், பிறகு சேர்த்தது: "டார்ச் எங்கிட்டதான் கீது. தேடாத."

டோக்கனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ரத்தினம்மாவிடம் லெட்டரைப் படித்துக் காட்டினேன். ஐடாவையும் கூப்பிட்டு அவளுக்கும் ஒரு தடவை படித்தேன். கம்பளி வரும் இடத்தில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விசிறியை உடனே பார்சல் அனுப்ப வேண்டும்.

28-2-2001, புதன்

இன்றோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

கடைசி ஷிப்டு ஏறி வந்தது. ஒவ்வொருவனும் விளக்கைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கினான். இன்று கம்பெனியில் ஒப்படைக்க வேண்டிய டோக்கனைப் பலர் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். நானும் தடுக்கவில்லை. எல்லாரும் போன பிறகு டோக்கன் போர்டைப் பார்த்தேன். அத்தனை ஆணியும் வெறும் ஆணி. தினமும் இதைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். எல்லாரும் வெளியே வந்தாச்சு, ஒருத்தனும் உள்ளே இல்லை என்று. இன்றைக்கு அதையே பார்த்துக்கொண்டு கால் நகரவில்லை. வாட்ச்மேன் வந்து, "சாவி குடுங்க பெருமாள் சார்" என்றான்.

வீட்டுக்கு வந்தேன். ரத்தினம்மா தண்ணீர் கொடுத்தாள். காக்கிச் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினேன். காலண்டருக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி வெறும் ஆணி. மூன்றாவதில் அது தொங்கியது.

"டூட்டி முடிஞ்சதா?" என்றாள்.

"இல்ல" என்றேன். "ஒருத்தன் இன்னும் மேல வரல."

அவளும் ஆணியைப் பார்த்தாள். "அப்ப சட்டைய எதுக்குக் கழட்டறீங்க?"

கழற்றின பித்தானை மறுபடியும் போட்டுக்கொண்டேன்.